ஆதாமின் குற்றம் குழந்தையின் குற்றமாகுமா?

ஜென்மப் பாவம் இல்லையென்றால் சிலுவை வீண் என்கிறார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பிலும், லுத்தரன் சபையின் திடப்படுத்தல் வகுப்பிலும், பெந்தெகொஸ்தே உபவாசக் கூட்டத்திலும் இதையே கேட்கலாம். ஞானஸ்நானம் முதல் திருவிருந்துவரை எல்லாவற்றிலும் முரண்படுகிற சபைகள் இந்த ஒன்றில் கைகோத்து நிற்கின்றன. நான் சிலுவையை நம்புகிறவன். நம்புவதால்தான் சொல்கிறேன்: இந்தக் கூற்று தவறு. தவறு மட்டுமல்ல, அது கொடுமையும்கூட.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். கடவுள் மனிதனை நல்லவனாகப் படைத்தார். ஆதாம் கட்டளையை மீறினான். தனியாளாக அல்ல, மனித குலத்தின் தலைவனாக மீறினான். ஆகவே அவன் வழிவந்த எல்லோரும் அவனோடு சேர்ந்து விழுந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் கெட்டுப்போன இயல்போடு மட்டுமல்ல, கடவுளின் முன் குற்றவாளியாகவே பிறக்கிறது. தன்னைத் தானே மீட்டுக்கொள்ள யாராலும் முடியாது என்பதால் மீட்பர் தேவைப்பட்டார். இதற்கு அனுபவமும் சாட்சி: யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள், கொலைச் செய்தி இல்லாத நாளிதழ் இல்லை. இதில் ஓர் அறமும் உண்டு: அரசனும் ஆண்டியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், எவனுக்கும் பெருமை பேச இடமில்லை.

இதில் பாதியை நானும் ஏற்கிறேன். மனிதன் தீமையின் பக்கம் எளிதில் சாய்கிறவன். பொறாமையும் வன்முறையும் ஏற்கெனவே குடியிருக்கும் உலகத்துக்குள் நாம் பிறக்கிறோம். நமக்குப் புத்தி தெளியும் முன்பே அது நம்மை வளைக்கத் தொடங்கிவிடுகிறது. அருள் இல்லாமல் எழுந்து நிற்க முடியாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நான் மறுப்பது இரண்டை. ஒருவன் செய்த குற்றம் பிறப்பின் வழியாக இன்னொருவனின் குற்றமாகும் என்பது ஒன்று. அதை ஏற்காதவன் கிறிஸ்தவனே இல்லை என்பது மற்றொன்று.

1. வேதம் இதைச் சொல்கிறதா?

ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். முள், வியர்வை, பிரசவ வேதனை, மண்ணுக்குத் திரும்புதல், தோட்டத்திலிருந்து வெளியேற்றம் என்று தண்டனைகள் வரிசையாக வருகின்றன. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள் குற்றவாளிகள் என்று ஒரு சொல் இல்லை. அடுத்த அதிகாரத்தில், வெளியேற்றப்பட்ட தம்பதியின் மூத்த மகனிடம் கடவுள் பேசுகிறார். பாவம் உன் வாசலில் காத்துக்கிடக்கிறது, நீ அதை அடக்கி ஆள வேண்டும் என்ற பொருளில் காயீனை எச்சரிக்கிறார். பிறவியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டவனிடம் பேசும் பேச்சா இது? காயீனின் முன்னால் இரண்டு வழி திறந்திருக்கிறது. பிறகு அவன் செய்த கொலை அவனுடையது. அதில் தகப்பனின் பங்கைக் கடவுள் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதன் பிறகு தீர்க்கதரிசிகள் நூற்றாண்டுக் கணக்கில் இஸ்ரவேலைக் கடிந்துகொள்கிறார்கள். விக்கிரக வழிபாடு, கள்ளத்தராசு, விதவையின் வீட்டைப் பறித்தல் என்று பட்டியல் நீள்கிறது. ஆதாமினால் நீங்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. பாபிலோனில் சிறையிருந்த மக்கள், தகப்பன்மார் செய்ததற்குத் தாங்கள் தண்டிக்கப்படுவதாகப் புலம்பியபோது, எசேக்கியேல் ஒரு முழு அதிகாரத்தை, பதினெட்டாவதை, அந்தப் புலம்பலை மறுக்கவே செலவிடுகிறார். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்பதே அவர் சொல்லும் தீர்ப்பு.

மூன்றாம் நான்காம் தலைமுறைவரை என்று யாத்திராகமம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. தகப்பன் செய்த கேட்டின் விளைவு வீட்டில் உள்ளவர்கள் தலையில் விடிவதை யாரும் கண்ணால் காணலாம். ஆனால் விளைவு வேறு, குற்றம் வேறு. பிள்ளைகளுக்காகப் பெற்றோரையோ பெற்றோருக்காகப் பிள்ளைகளையோ கொல்லக் கூடாது என்று அதே மோசேயின் நியாயப்பிரமாணம் உபாகமத்தில் தடுக்கிறது. ஊர் நீதிபதி செய்தால் அநியாயம் என்று கடவுள் தடுத்ததைக் கடவுளே நித்தியத்துக்கும் செய்வார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

ஐம்பத்தொன்றாம் சங்கீதமும் வரும். உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியை எடுத்துக்கொண்டவன் தன் அருவருப்பில் உடைந்து, கருவில் உருவான நாள்முதலே நான் இப்படித்தான் என்று அழுகிறான். அழுகிறவனின் வார்த்தையைப் பிடுங்கி, மனிதப் பிறப்பைப் பற்றிய சட்டப் பிரிவாக மாற்றுவது அந்த அழுகைக்கே அவமரியாதை.

இனி இயேசு. திருமணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் ஆதியாகமத்தின் தொடக்கத்தை எடுத்துப் பேசினார். ஆதாமின் மீறுதலைப் பற்றியோ நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசவே இல்லை. பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டையும் மறுத்தார். சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, பரலோக ராஜ்யம் இப்படிப்பட்டவர்களுடையது என்றார். அவர் கையில் இருந்த பிள்ளைகள் கோபத்தின் பிள்ளைகள் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள்.

2. பவுல் என்ன சொன்னார்?

எதிர்த்தரப்பின் உண்மையான கோட்டை ரோமர் ஐந்தாம் அதிகாரம். அதற்கு முன்னால் அந்தக் கடிதத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். யூதரும் புறஜாதியாரும் ஒருவர்கூட விடாமல் பாவத்துக்கு உட்பட்டவர்கள் என்று பவுல் அங்கே நிரூபித்து முடிக்கிறார். எப்படி? அவரவர் செய்கையைக் காட்டி. தெரிந்தும் கடவுளை மகிமைப்படுத்தவில்லை, பிறனுக்குப் போதித்துத் தனக்குப் போதிக்கவில்லை என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறார். அந்தக் குற்றப்பத்திரிகையில் ஆதாமின் பெயரே இல்லை.

ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாம் வருவது கிறிஸ்துவின் பெருமையைக் காட்ட. ஒருவன் வழியாக மரணம் நுழைந்தது, இன்னொருவர் வழியாக ஜீவன். ஆதாமைப் போல மீறாதவர்கள்மேலும் மரணம் ஆண்டது என்கிறார். ஆண்டது மரணம். குழந்தைகளின் கணக்கில் குற்றம் எழுதப்பட்டது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. நாம்தான் அதில் ஏற்றுகிறோம். அப்படி ஏற்றினால் இன்னொன்றையும் ஏற்க வேண்டிவரும். ஆதாமால் எல்லோருக்கும் என்ன நேர்ந்ததோ அதற்கு ஈடாக, அதற்கும் மேலாக, கிறிஸ்துவால் எல்லோருக்கும் நேர்ந்தது என்பதே பவுலின் ஒப்புமை. எந்தச் சம்மதமும் இல்லாமல் எல்லோரும் ஆதாமில் குற்றவாளிகள் என்றால், எந்தச் சம்மதமும் இல்லாமல் எல்லோரும் கிறிஸ்துவில் நீதிமான்கள் என்றும் சொல்லுங்கள். அதைச் சொல்ல மாட்டார்கள். மீட்புக்கு விசுவாசம் வேண்டும், தண்டனைக்குப் பிறந்தாலே போதும் என்கிறார்கள். அப்படியானால் ஆதாமின் கை கிறிஸ்துவின் கையைவிட நீளமானது என்றாகிறது. பவுல் சொல்ல வந்ததற்கு இது நேர் எதிர்.

3. ஆதி முதல் எல்லாச் சபையும் நம்பியதா?

இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், குற்றமற்ற வயதுப் பிள்ளைகள் பாவ மன்னிப்புக்கு ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்டு, ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார். அதே ஊரின் ஆயர் சிப்ரியன், குழந்தைக்கு மன்னிக்கப்படுவது பிறனுடைய பாவம் என்று எழுதினார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழக்கே நசியான்சின் கிரகோரியார், ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகள் மகிமையும் அடைவதில்லை, தண்டிக்கப்படுவதுமில்லை என்றார். ஆக, நான்கு நூற்றாண்டுகளுக்கு இது முடிவாகாத விஷயம்.

முடித்துவைத்தவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் (354–430). அவரது மேதைமையை நான் மறுக்கவில்லை. தன் தன்வரலாற்று நூலின் முதல் பகுதியில், இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை, தன் பால்குடித் தம்பியை முகம் வெளுத்துப் பார்ப்பதைக் கண்டதாக எழுதுகிறார். அந்தப் பார்வையைப் பாவத்துக்குச் சான்றாக வைக்கிறார். பசித்த பிள்ளை பால் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பார்க்கும் பார்வை அது. எந்தத் தாயும் அதைப் பாவம் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

ஆதாமின் குற்றம் பிள்ளைகளுக்கு வரும் என்பதை மறுத்து அகுஸ்தீனின் எதிராளியானவர் பெலாஜியுஸ். அவரை 415இல் பாலஸ்தீனத்தில் கூடிய ஆயர் மாமன்றம் விடுவித்தது. மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. 418இல் பேரரசர் ஹொனோரியுஸின் ஆணை பெலாஜியுஸையும் அவரது தோழரையும் ரோமிலிருந்து விரட்டியது. கார்த்தேஜ் மாமன்றம் தண்டித்தது. முதலில் தயங்கிய போப் சோசிமுஸும் கண்டனம் அனுப்பினார். அதில் கையெழுத்திட மறுத்த எக்லானத்தின் ஜூலியனும் இத்தாலியின் வேறு பதினெட்டு ஆயர்களும் தங்கள் பதவியை இழந்தார்கள். குழந்தைகளைத் தண்டிக்கும் கடவுளை எப்படி நீதியுள்ளவர் என்பீர்கள் என்று ஜூலியன் கேட்ட கேள்விக்கு அகுஸ்தீன் சாகும்வரை பதில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நூல் முடியவே இல்லை. மனித ஆற்றலைப் பற்றிப் பெலாஜியுஸ் அளவுக்கு மிஞ்சி நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் தவறியதால் அகுஸ்தீன் சொன்னது சரியாகிவிடாது.

அகுஸ்தீனின் பலமான வாதம் ஞானஸ்நானத்திலிருந்து எடுக்கப்பட்டது. குழந்தைக்கும் ஞானஸ்நானம் தருகிறோம், ஞானஸ்நானம் பாவ மன்னிப்புக்கானது, குழந்தை தானாக எதுவும் செய்யவில்லை, ஆகவே ஆதாமின் பாவம்தான் மன்னிக்கப்படுகிறது. இருக்கும் சடங்குக்குக் காரணம் தேடிப்போய்க் குழந்தைமேல் குற்றத்தைக் கண்டுபிடித்த கதை இது. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் கைக்குழந்தையை நீரில் முழுக்கி எடுக்கின்றன. மரணத்தையும் பலவீனத்தையும் ஆதாமிடமிருந்து பெற்றோம், குற்றத்தைப் பெறவில்லை என்றே அவை போதிக்கின்றன. அவர்களிடம் சிலுவை இல்லையா? உயிர்ப்புப் பெருவிழா இல்லையா? நைசேயா விசுவாசப் பிரமாணத்தை நம்மோடு சேர்ந்து சொல்லும் கோடிக்கணக்கானோரைக் கிறிஸ்தவர்கள் அல்ல என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு உண்டு? அந்தப் பிரமாணத்திலும் ஆதாம் இல்லை.

4. தலைவன் செய்தால் குடும்பம் சுமக்காதா?

அப்பன் வாங்கிய கடனைப் பிள்ளை அடைக்கிறானே என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்று இந்துக் குடும்பச் சட்டத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது உண்மை. 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன்மேலோ பேரன்மேலோ வழக்குத் தொடுக்க முடியாதபடி செய்துவிட்டது. வட்டிக்குக் கொடுத்தவனிடம்கூட நாம் இன்று ஒத்துக்கொள்ளாத நியாயத்தைக் கடவுளின் பெயரால் ஒத்துக்கொள்ள வேண்டுமா? அதுவும் பணத்துக்குத்தான் பொருந்தியது. அப்பன் செய்த கொலைக்கு மகனைத் தூக்கிலிட்ட சட்டத்தை நியாயம் என்று எந்த ஊரும் சொல்லாது. ஆதாமை என் தலைவனாக நான் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

5. இந்தப் போதனை என்ன செய்தது?

ஒரு போதனையை அதன் விளைவுகளிலிருந்து பிரித்துப் பேச முடியாது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கு நரகம்தான், ஆனால் அங்கே மிக லேசான தண்டனை என்றார் அகுஸ்தீன். இடைக்கால அறிஞர்களுக்கு அது மனம் ஒப்பவில்லை. வேதனையும் இல்லாத, கடவுளின் முகமும் தெரியாத லிம்போ என்ற இடத்தை அந்தக் குழந்தைகளுக்காக வகுத்தார்கள். பிள்ளையை இழந்த தாய்க்கு இதில் என்ன ஆறுதல்? தான் மோட்சம் போனாலும் அங்கே பிள்ளை இருக்காது.

அந்தத் தாய்மார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்ற இடத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு மாதா கோயில் இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளைத் தொலைதூரங்களிலிருந்து அங்கே தூக்கிவந்தார்கள். எரியும் தணலுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே அந்த உடலைக் கிடத்திச் சூடேற்றினார்கள். உதட்டின்மேல் ஓர் இறகை வைத்தார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று அறிவித்து, உடனே ஞானஸ்நானம் கொடுத்து, உடனே அடக்கம் செய்தார்கள். இதைக் கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486இல் ரோமுக்குப் புகாராக எழுதினார். 1528இல் பெர்ன் சீர்திருத்த சபைக்கு மாறியபோது யாத்திரை நின்றது. 1990களில் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது ஏறத்தாழ 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன.

அதோடு நிற்கவில்லை. 1745இல் சிசிலியின் குரு காஞ்சமீலா எழுதிய நூல், கர்ப்பிணி இறந்தால் வயிற்றைக் கீறிச் சிசுவை எடுத்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அரசும் அதற்குச் சட்டம் போட்டது. அயர்லாந்தில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளைத் தகப்பன்மார் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, பெரும்பாலும் இருட்டிய பின், குழி வெட்டிப் புதைத்தார்கள். ஞானஸ்நானமின்றி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே விதித்திருந்தது.

இவையெல்லாம் போதனையின் துஷ்பிரயோகம், போதனையின் குற்றமல்ல என்ற பதில் எனக்குத் தெரியும். துஷ்பிரயோகம் எங்கே இருக்கிறது? குழந்தை குற்றவாளி, ஞானஸ்நானம் ஒன்றே விடுதலை என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தாய் அதை அப்படியே நம்பினாள். இறகு அசைகிறதா என்று குனிந்து பார்த்தவள் போதகரைவிட நேர்மையாகப் பாடத்தைப் பின்பற்றியவள்.

6. சபைகளே பின்வாங்கிவிட்டன

ஜென்மப் பாவம் உண்மையாகவே பாவம், மறுபடி பிறவாதவர்களை அது நித்திய ஆக்கினைக்கு உட்படுத்துகிறது என்று 1530இல் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை எழுதியது. தரங்கம்பாடி வழியாக நம் லுத்தரன் சபைகளுக்கு வந்த அடிப்படை ஆவணம் அது. சீர்திருத்தக்காரர்களிலேயே ஸ்விங்லி இதை ஏற்கவில்லை. அது நோய், குற்றமல்ல என்றார். 1903இல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை தன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கைக்கு ஒரு விளக்கம் இணைத்தது: குழந்தைப் பருவத்தில் இறக்கும் எவரும் கெட்டுப்போவதாகத் தாங்கள் போதிக்கவில்லை என்று. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஜென்மப் பாவம் ஒப்புமைப் பொருளில்தான் பாவம், ஆதாமின் வழித்தோன்றல் எவரிலும் அது தனிப்பட்ட குற்றமாக இல்லை என்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மீட்படைவார்கள் என நம்ப நல்ல ஆதாரம் உண்டு என்று அறிக்கை தந்தது.

குற்றமல்லாத குற்றம், தண்டனைக்கு அஞ்ச வேண்டாத குற்றவாளி. இந்த இடத்துக்கு வந்துவிட்ட பிறகு, நம் மேடைகளில் மட்டும் ஏன் பழைய குரல்? மேலே இருப்பவர்கள் அமைதியாகக் கைவிட்டதைக் கீழே இருப்பவர்களுக்கு இன்னும் அச்சமாகப் பரிமாறுவது நேர்மையல்ல.

7. எல்லோரையும் சமமாக்கும் போதனையா?

எதிர்த்தரப்பு சொல்வதில் இதுதான் என்னை அதிகம் ஈர்த்தது. பிறப்பால் எவனும் தூயவன் அல்ல என்பது சாதியின் தலையில் விழும் அடி அல்லவா? விழுந்திருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கிளைகள். பீடத்தில் மட்டுமே அவை கூடின. வேளாளரும் நாடாரும் ஒருவர் முகம் ஒருவர் பாராமல் திருப்பலி காண அப்படி ஓர் அமைப்பு. இரு பக்கமும் முழந்தாளிட்டவர்கள் ஒரே மறைக்கல்வியைப் படித்தவர்கள். ஆதாமில் எல்லோரும் விழுந்தோம் என்று மனப்பாடமாகச் சொன்னவர்கள். 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தது இந்தப் போதனையல்ல.

சொல்லப்போனால், பிறப்பிலேயே கறை என்ற எண்ணத்தை எதிர்க்க வேண்டிய இடத்தில் இந்தப் போதனை அதற்கே வலு சேர்த்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறப்பைக் காட்டித் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவன் கோயிலுக்கு வருகிறான். அவனிடமும் உன் பிறப்பிலேயே குற்றம் இருக்கிறது என்றுதான் நற்செய்தியைத் தொடங்குவதா?

8. ஆதாம் இல்லாவிட்டால் சிலுவை எதற்கு?

கடைசியாக வைப்பது இதை. மனித இனம் கடந்த சில லட்சம் ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும் ஒரே ஒரு ஜோடியாகச் சுருங்கியதில்லை என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம், அந்த ஜோடி இல்லையென்றால் கிறிஸ்துவும் இல்லை என்று சொல்கிறோம். அவன் நம் பேச்சை நம்பி விசுவாசத்தை விட்டு வெளியேறினால், அந்தப் பழி யாருக்கு?

சிலுவை எதற்கு என்றால், நான் செய்ததற்கு. நான் சொன்ன பொய்க்கு, நான் திருப்பிக்கொண்ட முகத்துக்கு, என் பங்கோடு நடந்துகொண்டிருக்கும் அநியாயங்களுக்கு. என்னைக் குற்றவாளியாக்க ஆதாமை அழைக்க வேண்டியதில்லை. அழைத்தால், என் குற்றத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டு நான் தப்பிக்க வழி கிடைக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பேதுரு எழுந்து நின்று செய்தது கிறிஸ்தவ வரலாற்றின் முதல் பிரசங்கம். அதில் ஏதேன் தோட்டம் இல்லை. எதிரே நின்றவர்களைப் பார்த்து, இந்த இயேசுவை நீங்கள்தான் சிலுவையில் அறைந்தீர்கள் என்றார். அவர்கள் இருதயத்தில் குத்துண்டு, இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார். அன்று சேர்ந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அவர்களில் ஒருவரிடமாவது, ஆதாமின் குற்றம் உன் குற்றம் என்று ஒப்புக்கொள்கிறாயா என்று பேதுரு கேட்டதாக அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.